காட்டோர வேலைக்குச் சிறு நிதி கேட்பது

ஒஸ்லோத் தமிழர்களில் கணிசமானோர் காட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறோம். குரூருட்டில் 'தே-பான' மெட்ரோவை விட்டு இறங்கி வடக்கே ஏறினால் ஸ்டெயின்புருவன் ஏரியும் லில்லோமார்க்காக் காடும் வந்துவிடும். எலிங்ஸ்ருடோசனிலோ மூர்டென்ஸ்ருட்டிலோ இறங்கினால் ஒஸ்ட்மார்க்கா. நகரசபை எல்லைக்குள் அடங்கிய 454 சதுர கிலோமீற்றரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காடுதான். குழாயில் வரும் தண்ணீரில் சுமார் 90 வீதம் மாரிடால் ஏரியிலிருந்து வருகிறது. அந்த ஏரிக்கு நீர் கொடுப்பது நூர்மார்க்காவின் காடு.

இந்தக் காடு மிஞ்சியிருப்பதற்குச் சாதாரண மக்கள் எழுந்து நின்றதும் ஒரு காரணம். 1946இல் நூர்மார்க்காவை ஊடறுத்து உயர் அழுத்த மின்கம்பி இழுக்கத் திட்டமிட்டபோது ஏறத்தாழ 30,000 பேர் நகர மண்டபத்தின் முன் திரண்டார்கள். 1960களில் 'ஒஸ்ட்மார்க்காவின் நண்பர்கள்' என்ற சங்கம் அமைந்தது. 2009இல் மார்க்கா சட்டம் வந்து, நகரம் காட்டுக்குள் பரவாதபடி ஓர் எல்லைக்கோட்டைச் சட்டமாக்கியது. 2023இல் ஒஸ்ட்மார்க்காவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாயிற்று. சங்கம் அமைத்து, கூட்டம் கூடி, கடிதம் எழுதி, பல்லாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து காட்டைக் காத்த ஊர் இது. அந்த வேலையில் நாமும் சேர வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் சங்கங்கள் மானியம் கேட்கப் போகும்போது, இல்லாதவர் உள்ளவரிடம் கைநீட்டும் மனநிலையோடு போகின்றன. நிலைமை அப்படியல்ல. நிதி கொடுக்கும் அலுவலகத்திடம் காசு இருக்கிறது. காட்டோரத்தில் குனிந்து வேலை செய்ய ஆள் இல்லை. நம்மிடம் ஆள் இருக்கிறது. ஒரு விளையாட்டுப் போட்டிக்கோ பொங்கல் விழாவுக்கோ இரண்டு வாரத்தில் நூறு பேரைத் திரட்டக்கூடிய சங்கங்கள் நம்முடையவை. நோர்வேஜியர் 'டுக்நாட்' என்று பெருமையோடு சொல்லும் கூட்டு உழைப்பு நமக்குச் சிரமதானமாகப் பழக்கப்பட்டதே. விண்ணப்பத்தின் எடை முழுவதும் அந்த உழைப்பில்தான் நிற்கிறது. நிதி அதற்குக் கையுறையும் பையும் வாகன வாடகையும் வாங்கித் தரும்.

எந்த வேலைக்குக் கேட்பது

நம்மவர் மனதில் முதலில் வருவது மரம் நடுதல். ஒஸ்லோக் காட்டில் அதற்கு நிதி கேட்காதீர்கள். இங்கே தளிர்மரமும் (ஸ்புரூஸ்) பூர்ச் மரமும் விதை விழுந்து தாமாகவே முளைக்கின்றன. மரம் வெட்டிய இடத்தில் அடுத்த தலைமுறை மரங்களை உறுதிசெய்வது 2005இன் வனத்தொழில் சட்டப்படி நில உரிமையாளரின் கடமை. வரட்சியில் தவிக்கும் மன்னாரிலோ இராமநாதபுரத்திலோ மரம் நடுவது பெரிய சேவை. லில்லோமார்க்காவில் அது தேவையற்ற வேலை. விண்ணப்பத்தைப் படிக்கும் உத்தியோகத்தர் காட்டைப் படித்தவர். முதல் வரியிலேயே, இவர்களுக்கு இந்தக் காட்டைத் தெரியாது என்று எண்ணிவிடுவார்.

இரண்டாவதாக நினைவுக்கு வருவது துப்புரவு. குப்பை பொறுக்குவது நல்ல காரியம். ஆனால் விழுந்து கிடக்கும் மரங்களையும் உளுத்த கிளைகளையும் அகற்றிக் காட்டை 'அழகுபடுத்துவோம்' என்று ஒருபோதும் எழுதாதீர்கள். நோர்வேயில் அழிவை எதிர்நோக்கும் இனங்களில் ஏறத்தாழப் பாதி காட்டில் வாழ்பவை. அவற்றுள் பெரும் எண்ணிக்கையிலான பூஞ்சைகளும் வண்டுகளும் பாசிகளும் செத்த மரத்தையும் முதிய காட்டையும் நம்பியே உயிர்வாழ்கின்றன. தளிர்மரக் கிளைகளிலிருந்து நீண்ட தாடியாகத் தொங்கும் ஹுல்ட்ரஸ்ட்ரீ என்ற லைக்கன் இனம், பழைய காடு கலையாமல் இருந்தால் மட்டுமே தங்கும். நமக்கு ஒழுங்கீனமாகத் தெரிவது அவற்றின் வீடு.

அப்படியானால் எதைச் செய்வது? என் பரிந்துரை, புதிதாகத் தொடங்கும் சங்கம் ஆக்கிரமிப்புத் தாவரங்களில் கைவைக்கட்டும். அவற்றிலும் முதலில் கெம்பஸ்பிரிங்ஃப்ரோ. காஷ்மீர் முதல் உத்தரகாண்ட் வரையுள்ள இமயமலைச் சரிவுகளைச் சேர்ந்த இந்தச் செடி, 1839இல் பூந்தோட்டச் செடியாக இங்கிலாந்துக்கு வந்து, பின்னர் ஐரோப்பா முழுவதும் தப்பிப் பரவியது. இளஞ்சிவப்புப் பூ, ஆளை மறைக்கும் உயரம். முற்றிய காயைத் தொட்டதும் வெடித்து, விதையைச் சில மீற்றர் தூரம் எறியும். ஓடைக்கரையில் மற்றச் செடிகளுக்கு வெளிச்சம் விடாமல் அடர்ந்து நின்று, பனிக்காலத்தில் முழுவதும் மடிந்து மண்ணை வெறுமையாக விடும். அடுத்த வெள்ளத்தில் கரை அரிக்கும்.

சங்கங்களுக்கு இது ஏற்ற வேலை என்று சொல்வதற்குக் காரணம் அதன் வேர். ஓராண்டுச் செடி, வேர் மேலோட்டமானது, பத்து வயதுப் பிள்ளைகூடப் பிடுங்கலாம். விதை மண்ணில் சில ஆண்டுகள் மட்டுமே உயிரோடு இருக்கும். ஆகவே ஒரே இடத்தில் மூன்று கோடைகாலம் தொடர்ந்து பிடுங்கினால் பலனைக் கண்ணால் பார்க்கலாம். லூபின் செடி இதற்கு நேர்மாறு. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கும். பார்க்ஸ்லிரெக்னே என்ற ஆக்கிரமிப்புச் செடியைத் தொடவே வேண்டாம். தண்டின் ஒரு துண்டு விழுந்தாலும் முளைக்கும். பழக்கமில்லாதவர்கள் பிடுங்கினால் அதைப் பரப்புவதாகவே முடியும்.

காலம் முக்கியம். கோடை பிந்தினால் காய் முற்றிவிடும். ஜூன், ஜூலையில் பிடுங்கியாக வேண்டும். ஜூலையில் நம் குடும்பங்களில் பாதி லண்டனிலோ ரொறொன்ரோவிலோ ஊரிலோ இருக்கும். எனவே பாடசாலை விடுமுறை தொடங்குவதற்கு முந்திய ஜூன் சனிக்கிழமைகளைக் குறியுங்கள். ஓகஸ்டில் திரும்பியதும் தப்பி நின்றவற்றைப் பார்க்க ஒரு நாள். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் திறந்த நெருப்புக்குப் பொதுத்தடை உண்டு. அடுப்பு மூட்டிச் சமைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சோற்றுப் பார்சல் போதும். பிடுங்கியவற்றை அங்கேயே குவிக்கவோ தோட்டக் கழிவோடு கலக்கவோ கூடாது. கட்டிய பைகளில் ஹரால்ட்ருட் போன்ற மீள்பயன்பாட்டு நிலையத்துக்குக் கொண்டுபோய், எரிக்கும் கழிவாகக் கொடுக்க வேண்டும். வாகன வாடகை வரவு செலவுத் திட்டத்தில் வருவது இதற்காகத்தான்.

உடல் உழைப்புக்கு முடியாத மூத்தவர்கள் இருக்கும் சங்கங்கள் வேறொன்றைச் செய்யலாம். நோர்வேயில் யாரும் தாம் கண்ட செடியையோ பறவையையோ 'ஆர்ட்ஸ்ஒப்செர்வாஷோனெர்' என்ற பொதுப் பதிவேட்டில் ஏற்றலாம். காட்டில் நடந்து திரியும் உரிமையை 1957இன் வெளிப்புற வாழ்வுச் சட்டம் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. பார்த்து எழுத அனுமதி தேவையில்லை. ஒரு வட்டாரத்தில் என்ன இருக்கிறது என்ற பதிவு இல்லாததாலேயே எத்தனையோ துண்டுக் காடுகள் கேட்பாரின்றிப் போயிருக்கின்றன. இந்த வேலைக்கு ஒரு தாவரவியலாளரை மாலைப் பயிற்சிக்கு அழைக்கும் செலவைக் கேட்கலாம்.

யாருடைய நிலம்

நடக்க உரிமை உண்டு. பிடுங்கவும் வெட்டவும் பலகை நடவும் உரிமை இல்லை. நில உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாத விண்ணப்பம் பாதி விண்ணப்பம். நூர்மார்க்காவின் பெரும்பகுதி லோவன்ஷியோல்ட் குடும்பத்தின் தனியார் காடு. நகரசபைக்குச் சொந்தமான காட்டுக்கு நகரச் சூழல் திணைக்களமான பீமில்யோ-எத்தாத்தனிடம் கேட்க வேண்டும். நீங்கள் குறித்த ஓடைக்கரை எந்தக் காணி என்பதை வரைபடத் திணைக்களத்தின் 'சே எய்யென்டொம்' இணைய சேவையில் பார்க்கலாம். இயற்கை ஒதுக்ககம், தேசியப் பூங்கா என்று காப்புப் பெற்ற இடமானால் அதை நிர்வகிக்கும் அதிகாரியின் அனுமதியும் வேண்டும். முதல் முயற்சிக்கு அப்படிப்பட்ட இடத்தை எடுக்காமல், குடியிருப்பையும் காட்டையும் ஒட்டிய நகரசபை நிலத்தை எடுங்கள். ஆக்கிரமிப்புச் செடிகள் அதிகம் நிற்பதும் அங்கேதான். தோட்டக் கழிவைக் காட்டோரத்தில் கொட்டுவதுதான் அவை உள்ளே நுழையும் வழிகளில் ஒன்று.

சங்கத்தின் கடதாசிகள்

நம் சங்கங்கள் சில இருபது, முப்பது ஆண்டுகளாக இயங்கியும் பதிவில்லாமல் இருக்கின்றன. பதிவு எண் இல்லாமல் மானியம் இல்லை. யாப்பு, ஆரம்பக் கூட்டத்தின் அறிக்கை, நிர்வாக உறுப்பினர் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு புரொன்னொய்சுண்ட் பதிவகத்தில் பதிந்தால் ஒன்பது இலக்க எண் கிடைக்கும். தன்னார்வ அமைப்புகளின் பதிவேட்டிலும் அதே மூச்சில் பதியுங்கள், கட்டணமில்லை. அந்தப் பதிவு இருந்தால் இன்னும் இரண்டு வழிகள் திறக்கும். ஒன்று, செலவுகளில் கட்டிய பெறுமதி சேர் வரிக்கு ஈடு கேட்கும் திட்டம். மற்றது, 2009இல் தொடங்கிய 'கிராஸ்ரூத்ஆண்டேலன்'; நோர்ஸ்க் டிப்பிங் விளையாட்டுகளில் பங்கெடுப்பவர் தம் சங்கத்தைத் தெரிவுசெய்தால் கட்டிய பணத்தில் ஒரு பங்கு சங்கத்துக்கு வரும். சூதாட்டத்தை ஊக்குவிக்க வேண்டுமா என்று சங்கத்துக்குள் பேசி முடிவெடுங்கள். எனக்கு அதில் விருப்பமில்லை.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். தலைவரின் சொந்தக் கணக்குக்கு மானியம் வராது, வரக்கூடாது. கடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் கையெழுத்திட்ட அறிக்கையும் கணக்கறிக்கையும் ஆயத்தமாக இருக்கட்டும். பிள்ளைகளைப் பொறுப்பேற்று அழைத்துப் போகிறவர்களுக்குப் பொலிஸ் நற்சான்று எடுத்துவிடுங்கள்.

எந்தக் கதவு

ஆக்கிரமிப்பு இனங்களுக்கு எதிரான வேலைக்கும், அழிவுறும் இனங்களைக் காக்கும் வேலைக்கும் அரசின் சூழல் இயக்ககமான மில்யோடிரெக்டொராதெயில் மானியத் திட்டங்கள் உண்டு. அதன் இணைய விண்ணப்ப மையத்தில் விண்ணப்பித்தால், பெரும்பாலும் மாவட்ட அரச அதிகாரியான ஸ்டாட்ஸ்ஃபொர்வால்டர் முடிவெடுப்பார். பல திட்டங்களுக்கு இறுதித் தேதி ஜனவரி 15. தைப்பொங்கல் நாளோடு ஒட்டி வருவதால் நம் சங்கங்கள் தவறவிடும் தேதி இது. நவம்பரிலேயே எழுதத் தொடங்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிய அறிவிப்பைப் படியுங்கள், முன்னுரிமைகள் மாறும்.

வெளிப்புற வாழ்வு நடவடிக்கைகளுக்கான மானியம் தனி. மற்ற இடங்களில் மாகாண சபைகள் அதைப் பகிர்கின்றன. ஒஸ்லோ ஒரே நேரத்தில் நகரசபையும் மாகாணமும் ஆனதால் நகரசபையே பகிர்கிறது. பிள்ளைகள், குடும்பங்கள், காட்டுக்குப் பழக்கப்படாத குடியேறிய மக்கள் ஆகியோரை வெளியே அழைத்து வருவது இதன் நோக்கம். செடி பிடுங்குவதை இங்கே முதன்மையாக எழுதினால் பொருந்தாது. குடும்பங்கள் காட்டைப் பழகுவதை முன்னே வையுங்கள். பிடுங்குவது அந்த நாளின் ஒரு பகுதியாகட்டும். ஒரே வேலையை வெவ்வேறு திட்டங்களுக்கு வெவ்வேறு கோணத்தில் எழுதுவதில் தவறில்லை. ஒரே செலவை இரண்டு இடத்தில் கேட்டு இரண்டு முறை வாங்குவதுதான் குற்றம்.

மிகச் சிறிய தொகைக்கு உங்கள் பீதெல் (நகர வட்டார) அலுவலகம் போதும். ஒஸ்லோவின் 15 பீதெல்களும் வட்டாரத் தன்னார்வ முயற்சிகளை ஆதரிக்கின்றன; அங்கே உங்கள் முகம் தெரிந்திருப்பது உதவும். பெரிய தொகைக்கு 2002இல் அமைந்த ஸ்பாரபாங்க்ஸ்டிஃப்டெல்சன் டிஎன்பி போன்ற அறக்கட்டளைகள் இருக்கின்றன. உறுப்பினர்களில் பெரும்பாலோர் இளையோராக இருக்கும் குழுவானால் ஃப்ரிஃபொண்ட் என்ற நிதியைப் பாருங்கள். முதல் ஆண்டு பீதெல், அடுத்த ஆண்டு அரச மானியம் என்ற வரிசையையே சிபாரிசு செய்வேன். சிறிய தொகையைச் சரியாகச் செலவழித்த அறிக்கையை விடச் சிறந்த இணைப்பு எதுவும் பெரிய விண்ணப்பத்துக்கு இல்லை.

எழுதுவது

எழுதத் தொடங்கும் முன் இரண்டு காரியம். விளம்பரத்தில் குறித்த அலுவலருக்குத் தொலைபேசி எடுத்து, "இப்படியொரு வேலை யோசிக்கிறோம், உங்கள் திட்டத்துக்குள் வருமா?" என்று கேளுங்கள். இந்த நாட்டில் அது தயவு கேட்பதாகாது. அவருடைய வேலையே அது. அடுத்து, கடந்த ஆண்டு மானியம் பெற்ற விண்ணப்பங்களைப் பார்க்கக் கேளுங்கள். அரச அலுவலகங்களுக்கு வரும் கடிதங்கள் பொதுவாகப் பொது ஆவணங்கள். பார்வையிடும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. வென்ற விண்ணப்பங்களைப் படித்தவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் பாதி தேவைப்படாது.

பிறகு எழுதுங்கள். "இயற்கை நம் தாய், வருங்காலச் சந்ததிக்காக" என்று தொடங்கும் பந்தியை அடித்துவிடுங்கள். அந்த உணர்வு உண்மையானது. நம் கூட்டத்தில் பேச ஏற்றது. விண்ணப்பத்தில் இடம், ஆள், நாள், அளவு வேண்டும். எடுத்துக்காட்டாக இப்படி:

"எங்கள் சங்கத்தின் 40 உறுப்பினர்கள் ஜூன் மாதத்தில் மூன்று சனிக்கிழமைகளில் தலா நான்கு மணிநேரம் வேலை செய்து, இணைத்துள்ள வரைபடத்தில் குறித்த ஓடையின் இடக்கரையில் 300 மீற்றரில் கெம்பஸ்பிரிங்ஃப்ரோவைப் பிடுங்குவோம். நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. தொடக்கத்திலும் ஓகஸ்டிலும் அதே ஐந்து இடங்களில் நின்று படம் எடுப்போம். அடுத்த இரண்டு கோடையும் இதே இடத்தில் தொடர்வதாகப் பொதுக்கூட்டம் தீர்மானித்துள்ளது."

இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆனால் 480 மணிநேர உழைப்பு இருக்கிறது. மூன்றாண்டு உறுதி இருக்கிறது. வெற்றியா தோல்வியா என்று பார்க்க வழியும் இருக்கிறது. ஓடையின் மேற்பகுதியில் தொடங்கிக் கீழ்நோக்கி வருவதாக ஒரு வரி சேருங்கள். விதை தண்ணீரில் மிதந்து கீழே போகும். மேலே விட்டுவிட்டுக் கீழே பிடுங்கினால் அடுத்த ஆண்டும் அதே கதை. அந்த ஒரு வரி உங்களுக்கு வேலை தெரியும் என்று காட்டும்.

வரவு செலவில் அந்த மணிநேரங்களைச் சங்கத்தின் சொந்தப் பங்களிப்பாகத் தனி வரியில் காட்டுங்கள். நம்மவர் இதை எழுதக் கூச்சப்படுகிறார்கள்; "சேவைக்குக் கணக்குப் பார்ப்பதா" என்கிறார்கள். இங்கே கணக்குப் பார்க்கப்படாத உழைப்பு இல்லாத உழைப்பாகவே எண்ணப்படும். ஒரு மாதிரிக்கு: பை, கையுறை 4,000 குரோனர், வாகன வாடகை 6,000, தமிழிலும் நோர்வேஜியத்திலும் துண்டுப்பிரசுரம் 7,000, தாவரவியலாளர் பயிற்சி 6,000, சாப்பாடு, தேநீர் 5,000, மொத்தம் 28,000. விலைகளை நீங்களே விசாரித்துப் போடுங்கள். வெட்டுப்படும் என்று எண்ணித் தொகையை ஏற்றிக் கேட்பது வேண்டாம். கேள்வி வந்தால் விளக்க முடியாத ஒரு வரி, விளக்கக்கூடிய மற்ற வரிகளையும் கெடுக்கும்.

நோர்வேஜிய மொழியில் எழுத இங்கே பிறந்த பிள்ளைகளைக் கேளுங்கள். ஆனால் தட்டச்சு வேலையாக அவர்களிடம் தள்ளிவிடாதீர்கள். கூட்டத்தில் உட்காரட்டும், எதைச் செய்வது என்று அவர்களும் தீர்மானிக்கட்டும், பெயரும் போடுங்கள். இளையோர் நம் சங்கங்களை விட்டு விலகுவதற்குக் காரணம் தேடுகிறவர்கள், நாம் அவர்களுக்கு இதுவரை எந்த முடிவைக் கொடுத்தோம் என்று பார்க்கலாம்.

கிடைத்த பிறகும் கிடைக்காவிட்டாலும்

மறுப்பு வந்தால் கடிதத்தை முழுவதும் படியுங்கள். அரச அலுவலகத்தின் முடிவானால் அறிவிப்புக் கிடைத்து மூன்று வாரத்துக்குள் மேன்முறையிடும் உரிமை பொதுவாக உண்டு. தனியார் அறக்கட்டளையில் இல்லை. உங்கள் ஆவணத்தைத் தவறாகப் படித்திருந்தால் மேன்முறையிடுங்கள். போட்டியில் தோற்றதற்காக வேண்டாம். அலுவலரிடம் குறையைக் கேட்டு அடுத்த ஆண்டுக்கு எழுதுங்கள்.

கிடைத்தால் அன்றே ஒரு கோப்பைத் திறந்து, பற்றுச்சீட்டு, வருகைப் பதிவு, படங்கள் மூன்றையும் அதில் இடுங்கள். மழையால் ஒரு நாள் தவறினால், திட்டம் மாறினால், உடனே மின்னஞ்சல் எழுதுங்கள். மாற்றத்தைப் பெரும்பாலும் ஏற்பார்கள். கடைசியில் தெரியவருவதை ஏற்கமாட்டார்கள். மிஞ்சிய பணம் திரும்பப் போக வேண்டியது.

ஊர்க் காட்டுக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு, "எங்கள் ஊர்க் கண்டல் காட்டுக்கு ஒன்றும் இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மேலே சொன்ன உள்ளூர் நிதிகள் கடல் கடந்து போகா. மழைக்காடுகளுக்காக நோர்வே அரசு 2008 முதல் நடத்தும் பெருந்திட்டம் நாடுகளோடும் பெரிய அமைப்புகளோடும் பேசுவது. சிறு சங்கத்துக்கு ஏற்றதல்ல. கொழும்பிலிருந்த நோர்வேத் தூதரகத்தை எதிர்பார்த்து இன்னும் சிலர் இருக்கிறார்கள்; அது 2023இல் மூடப்பட்டுவிட்டது.

சரியான இடம், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியாக 1992 முதல் நடக்கும் உலகச் சூழல் வசதியின் சிறு மானியத் திட்டம். ஒரு செயற்றிட்டத்துக்கு வழக்கமான உச்சம் பல ஆண்டுகளாக 50,000 டொலராக இருந்தது. இலங்கையிலும் இந்தியாவிலும் இயங்கியிருக்கிறது. அந்தந்த நாட்டில், அரசு சாராதவர்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு குழுதான் முடிவெடுக்கும். விண்ணப்பிக்க வேண்டியது ஊரில் உள்ள மீனவர் சங்கமோ மாதர் சங்கமோ; ஒஸ்லோச் சங்கம் அல்ல. இலங்கையில் 2015இல் சுதீச என்ற உள்ளூர் அமைப்பும் சீக்கொலஜி என்ற சூழல் அமைப்பும் அரசோடு சேர்ந்து தொடங்கிய கண்டல் காப்புத் திட்டமும் ஊர்ப் பெண்களை மையமாக வைத்தது. கண்டலைக் காக்க முன்வந்த கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் கொடுத்தார்கள்.

ஆகவே வெளிநாட்டிலிருந்து திட்டத்தை எழுதி ஊருக்கு அனுப்பி, "கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்வதை நிறுத்துவோம். எந்தக் கண்டல் துண்டு, யார் விறகு எடுக்கிறார்கள், எந்த மாதம் மீன் குஞ்சு வருகிறது என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஒஸ்லோவிலிருந்து செய்யக்கூடியது நான்கு. ஊர்ச் சங்கத்தின் பதிவுச் செலவையும் கணக்காய்வுச் செலவையும் ஏற்பது. தமிழில் அவர்கள் சொல்வதை விண்ணப்ப மொழிக்கு மாற்றிக் கொடுப்பது. கொழும்புக்குத் திட்ட ஒருங்கிணைப்பாளரைச் சந்திக்கப் போகும் பயணச் செலவைக் கொடுப்பது. திட்டம் கேட்கும் உள்ளூர்ப் பங்களிப்பில் குறையும் பணத்தைச் சேர்த்துக் கொடுப்பது. அதற்கும் ஊர்ச் சங்கத்தின் பற்றுச்சீட்டு வாங்கி, இங்குள்ள பொதுக்கூட்டத்தில் வாசியுங்கள்.